நாட்டு நாய்க்கு நோயே வராதாமே!

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுகிற பேச்சு இதுதான்: "அண்ணாச்சி, இது நாட்டு நாய். சீக்கு கீக்கு எதுவும் அண்டாது. சோத்தப் போட்டாப் போதும், தன்னால வளந்துக்கிரும்." ராஜபாளையத்தில் சொல்வார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்வார்கள், வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் தோப்புக் காவலுக்கு நாய் வைத்திருப்பவர்களும் சொல்வார்கள். விற்பவருக்கு அது விளம்பரம், வாங்குபவருக்கு நிம்மதி. எட்டொன்பது வருடம் கழித்து அதே நாய் பின்னங்காலைத் தூக்கி வைக்க முடியாமல் முன்னங்காலை ஊன்றித் தவிக்கும். அப்போது இன்னொரு பேச்சு வரும்: "வயசாயிருச்சுல்ல, அம்புட்டுத்தான்."

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு நாயின் ஆயுசு முழுவதும் வைத்தியமே இல்லாமல் கழிந்துபோகிறது. இளசாக இருக்கையில் நோய் வராது, அதனால் டாக்டர் வேண்டாம். கிழடான பின் நோய் தீராது, அப்போதும் டாக்டர் வேண்டாம். இரண்டுமே பொய். முதல் பொய்யை நம்பியவர்தான் இரண்டாவதைக் கூசாமல் சொல்கிறார்.

நாட்டு நாயின் உறுதி முழுக்கக் கட்டுக்கதை என்று நான் சொல்ல வரவில்லை. சித்திரை வெயிலில் மூச்சு வாங்கிச் சாகும் சப்பை மூக்கு பக் நாயையும், தென்னந்தோப்பில் பன்றியை விரட்டிக்கொண்டு ஓடும் ராஜபாளையத்தையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எது இந்த ஊர் வெயிலுக்குப் பிறந்தது என்று குழந்தைக்கும் தெரியும். நீண்ட முகம், ஒட்டிய முடி, ஒடுங்கிய வயிறு, நெடிய கால்கள் எல்லாம் ஓடுவதற்கும் சூட்டைத் தாங்குவதற்கும் அமைந்தவை. வெயிலைத் தாங்கும் உடம்பு வேறு, நோய் தாக்காத உடம்பு வேறு. முதலாவது இருப்பதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் இருப்பதாக அடித்துப் பேசுவதில்தான் பித்தலாட்டம் தொடங்குகிறது.

ராஜபாளையம் நாயை நாம் பெருமையாகப் பேசக் காரணங்கள் உண்டு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. நாட்டு விலங்கினங்களைப் பதிவு செய்யும் கர்னால் நிறுவனம் நாய்களைப் பதியத் தொடங்கியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றுக்கே முதலில் இடம் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்திய நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று தென்பாண்டிச் சீமையின் பெயர்களையும் அடுக்கினார். பாளையக்காரர் காலத்தில் இந்த நாய்கள் வெள்ளைக்காரன் குதிரைப்படை மேல் பாய்ந்த கதையை இன்றும் டீக்கடையில் கேட்கலாம். இத்தனை புகழும் இனத்துக்குக் கிடைத்தது. வீட்டு முற்றத்தில் கண் பஞ்சடைந்து படுத்திருக்கும் அந்த ஒற்றை நாய்க்கு இதில் எதுவும் போய்ச் சேரவில்லை. இனத்தின் புகழ் ஏற ஏற, நாயின் வியாதி பேசக் கூசுகிற விஷயமாகிவிட்டது. "ராஜபாளையம் நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேலி செய்யும் ஊரில் எவர் கூட்டிப் போவார்?

நோயே அண்டாத இனம் என்றால் அதன் அழகிலிருந்தே ஆரம்பிப்போம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். இதைத்தான் சுத்தமான ராஜபாளையத்தின் அடையாளம் என்கிறோம். தோலிலும் முடியிலும் நிறமி இல்லாததால் வருகிற வெள்ளை அது. அதே நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் கேட்கும் நரம்புச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துபோகின்றன. இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதற்கு இதுதான் காரணம் என்பது வளர்ப்பவர்களுக்கே தெரிந்த சேதி. கைதட்டிப் பார்த்து, திரும்பாத குட்டியைக் கழித்துவிடுவார்கள். ஒரு காது மட்டும் செவிடான குட்டி கைதட்டலுக்குத் திரும்பிவிடும். வளர்ந்து, இணை சேர்ந்து, செவிட்டை அடுத்த ஈற்றுக்குக் கொடுத்துவிடும். நிறமியில்லாத தோலுக்கு வெயிலிலிருந்தும் காவல் கிடையாது. பத்து வருடம் வெட்டவெளியில் காவல் காத்த வெள்ளை நாயின் மூக்கிலும் காது நுனியிலும் அடிவயிற்றிலும் ஆறாமல் இருக்கும் புண்ணை வெறும் புண் என்று விட்டுவிடக் கூடாது. வெயில் கொடுத்த தோல் புற்றாக இருக்கலாம். எந்த நிறத்துக்காக ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கிறோமோ அந்த நிறத்திலேயே நோய்க்கு வாசல் இருக்கிறது. இதற்குப் பெயர் நோயே வராத இனமா?

"எங்க தாத்தா காலத்துல நாய்க்கு யாரு ஊசி போட்டா? அதெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்லா இருந்தவை நம் ஞாபகத்தில் நிற்கின்றன. ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டி பிறந்தால் வயிற்றுப்போக்கிலும் கொக்கிப்புழுவிலும் செத்ததெல்லாம் குப்பைமேட்டுக்குப் போனது. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு வாசலில் படுத்திருந்தது. அந்த ஒன்றிரண்டைக் காட்டி இனத்துக்கே நோய் வராது என்பது தேர்வில் தேறியவனை மட்டும் எண்ணிப் பள்ளியில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று அறிவிப்பது மாதிரி.

உண்ணி விஷயத்தில் இந்தப் பொய் இன்னும் அப்பட்டமாக உடைகிறது. சென்னையில் ஆங்கிலேயர்கள் குதிரையேறி வேட்டையாட 'மெட்ராஸ் ஹன்ட்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்து வேட்டை நாய்களின் ரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைப் பேட்டன் என்ற ஆய்வாளர் கண்டு 1910இல் எழுதினார். அதே ஒட்டுண்ணி நம்மூர்க் குள்ளநரியின் ரத்தத்திலும் இருந்தது. இன்று பபேசியா கிப்சோனி என்று உலகம் முழுக்க அறியப்படும் அந்த உண்ணிக் காய்ச்சல் முதலில் பதிவானது தமிழ் மண்ணில். சீமை நாய், நாட்டு நரி என்று அது பார்க்கவில்லை. எர்லிக்கியா என்ற இன்னொரு உண்ணிக் காய்ச்சல் அதைவிடத் திருட்டுத்தனமானது. உண்ணி கடித்து, காய்ச்சல் வந்து, தானே தணிந்ததுபோல் போய்விடும். கிருமி மட்டும் உடம்பில் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் தங்கியிருக்கும். பிறகு ஒருநாள் நாய் மெலியும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் சொட்டும். அதற்குள் நாய்க்கு எட்டு ஒன்பது வயதாகியிருந்தால் ஊர் தீர்ப்பு எழுதிவிடும்: வயசாயிருச்சு. சீக்கிரம் கண்டுகொண்டால் நான்கு வாரம் கொடுக்கிற டாக்சிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற நோய் அது. முற்றவிட்டு எலும்பு மஜ்ஜையே படுத்த பிறகு கொண்டுபோனால் டாக்டரும் கையை விரிப்பார். அந்தக் கைவிரிப்பைக் காட்டி "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்கிறோம்.

முதுமையின் கணக்கில் நாம் எழுதிவைக்கும் நோய்கள் இன்னும் எத்தனையோ.

பெட்டை நாயை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வயதுப் பெட்டை பருவத்துக்கு வந்து போய் ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். திடீரென்று தண்ணீராகக் குடிக்கும், சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகரும், சோர்ந்து படுக்கும். பின்புறம் சீழ் வடியலாம், வடியாமலும் இருக்கலாம். வடியாவிட்டால்தான் ஆபத்து அதிகம், கர்ப்பப்பைக்குள்ளேயே சீழ் கட்டிக்கொண்டிருக்கும். உடனே அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். "கெடக்கட்டும், சரியாப் போகும்" என்று விட்டால் சில நாட்களில் ரத்தத்தில் விஷம் ஏறிச் செத்துவிடும். இது எவ்வளவு சாதாரணம் தெரியுமா? கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாக இருந்த சுவீடனில், காப்பீடு செய்யப்பட்ட நாய்களை வைத்து 2001இல் வெளியான ஆய்வில், பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு இந்த நோய் வந்திருந்தது. நம் பக்கத்திலோ குட்டி போடும் பெட்டை பணம் காய்க்கும் மரம். கடைசிவரை கருத்தடை கிடையாது. வேண்டாத நேரத்தில் பருவத்தைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி வேறு போடுகிறார்கள். அது இந்த ஆபத்தைக் கூட்டும். ஐந்தாறு ஈற்று விற்றுக் காசு பார்த்துவிட்டு, கர்ப்பப்பை அழுகிச் சாகும்போது வயதைக் குற்றம் சொல்வதை என்னவென்பது?

தண்ணீராகக் குடித்துத் திண்ணையெல்லாம் மூத்திரம் போகும் நாய்க்கு இன்னொரு தண்டனையும் காத்திருக்கிறது: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். குடித்தால்தானே போகும் என்ற கணக்கு. சிறுநீரகம் பழுதான நாய் மூத்திரத்தைச் செறிவாக்க முடியாமல்தான் அவ்வளவு போகிறது. போனதை ஈடுகட்டத்தான் அவ்வளவு குடிக்கிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே இந்த அறிகுறி தெரியும். முக்கால் பங்கு போன பிறகே ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறும். அந்த நேரத்தில் தண்ணீரைப் பிடுங்குவது மிச்சமிருக்கும் கால் பங்கையும் கொல்வதற்குச் சமம். போன சிறுநீரகம் திரும்பாது, உண்மைதான். ஏற்ற உணவும் தடையில்லாத தண்ணீரும் ரத்த அழுத்தத்துக்கு மருந்தும் கொடுத்தால் அந்த நாய் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கிலும்கூட நோவில்லாமல் இருக்க முடியும். சர்க்கரை நோயிலும் இதே தாகம் வரும், கர்ப்பப்பைச் சீழிலும் இதே தாகம் வரும். எது என்று சொல்ல ரத்தமும் மூத்திரமும் பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

"சோறு இறங்கல, சாகப்போகுது" என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? கடைவாய்ப் பல்லில் காறை ஏறி, ஈறு வீங்கி, ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கும். மெல்லும்போது உயிர் போகிற வலி. பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தால் அடுத்த வாரமே தட்டை நக்கித் தீர்க்கும் நாய்கள் உண்டு. வெறும் மோர்ச்சோறும் பால்சோறுமாகவே கடைசிக் காலத்தை ஓட்டுவதும் தவறு. கிழட்டு நாய்க்குத் தசை கரையும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் முட்டையும் கறியும் அதற்குத் தேவை.

மூட்டுத் தேய்மானம் வேறு கதை. அது தீராது, வலி தீரும். நாய் வலியென்று கத்தாது. நொண்டுவது, படியேறத் தயங்குவது, தொட்டால் உறுமுவது, மூத்திரம் போக எழாமல் படுத்த இடத்திலேயே நனைவது எல்லாம் அதன் முனகல்தான். புது வீடு கட்டி வழுவழுவென்று டைல்ஸ் பதித்த பிறகு பத்து வயது நாய் வீட்டுக்குள் நடக்கவே பயப்படுகிறது. ஒரு ரப்பர் பாய் போதும். அடியில் மடித்துப் போட்ட இரண்டு சாக்கு போதும். உடம்பு பெருத்திருந்தால் தீனியைக் குறைத்து எடையை இறக்குவதே பாதி மருந்து. வலிக்கு நாய்க்கென்று அளவு கண்ட மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நம் ஆட்களோ மெடிக்கல் கடைக்குப் போய் மனிதர் சாப்பிடும் டைக்ளோஃபெனாக்கையும் ஐபுபுரோஃபெனையும் வாங்கி வந்து சோற்றில் பிசைந்து வைக்கிறார்கள். வயிற்றில் புண், ரத்தப்போக்கு, சிறுநீரகச் சாவு என்று வரிசையாக வரும். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூண்டோடு அழிந்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தயாரிப்பதையே அரசு தடை செய்தது. இந்த வரலாறு தெரிந்த நாட்டில் அதையே நாய்க்கு மறுபடி கொடுக்கிறோம்.

நடுராத்திரி எழுந்து காரணமில்லாமல் ஊளையிடும் கிழட்டு நாயின் பாடுதான் எல்லாவற்றிலும் மோசம். எமன் வருவது நாய் கண்ணுக்குத் தெரியும், ஊளையிட்ட வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டுகிறார்கள். வயதான மனிதருக்கு மறதி நோய் வருவதுபோல நாய்க்கும் வரும். பழகிய வீட்டிலேயே மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பகலில் தூங்கி இரவில் அலையும். வீட்டு ஆளை அடையாளம் தெரியாமல் விழிக்கும். கலிஃபோர்னியாவில் 2001இல் வெளியான ஆய்வில் பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், பதினைந்து, பதினாறு வயதானவற்றில் 68 சதவீதத்துக்கும் இப்படிப்பட்ட அறிகுறி ஒன்றாவது இருந்தது. எமனுக்கு இதில் வேலையில்லை. ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரிவதும், கட்டில் பக்கத்தில் அதற்கு ஒரு இடமும் ஊளையைப் பெருமளவு குறைக்கும். கிழட்டு நாய் திடீரென்று கடித்தால் "வெறி ஏறிருச்சு" என்று அடித்தே கொன்ற ஊர்களும் உண்டு. காது கேட்காத, கண் மங்கிய நாயைத் தூக்கத்தில் பின்னாலிருந்து தொட்டால் பதறிக் கடிக்காமல் என்ன செய்யும்? தரையில் காலைத் தட்டி அதிர்வு காட்டிவிட்டு, அது முகம் திருப்பிய பின் தொட வேண்டும். உண்மையான வெறிநோய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இருக்கிறது. அதையும் "வயசான நாய்க்கு எதுக்கு" என்று விட்டுவிட்டுப் பிறகு பயப்படுவது நாம்தான்.

"நாங்க ஒண்ணுமே செய்யலைன்னா சொல்றீங்க? கைவைத்தியம் பாக்குறோம்ல" என்பார்கள். பார்க்கிறார்கள். சொறிக்குக் கழிவு இன்ஜின் ஆயிலைப் பூசுகிறார்கள். நக்கி நக்கி அது வயிற்றுக்குள் போகிறது. புழு வைத்த புண்ணுக்குள் பாச்சை உருண்டையைப் பொடித்துத் திணிக்கிறார்கள். அது ரத்தத்தைக் கெடுக்கும் விஷம். கால் இழுத்தால் சூடு போடுகிறார்கள். வலிக்கு மேல் வலி. எதுவும் செய்யாதவர்கள் "நாய் நாக்குல மருந்து இருக்கு, நக்கியே ஆத்திக்கிரும்" என்கிறார்கள். எச்சிலுக்குச் சில கிருமிகளைக் கொல்லும் சிறு திறன் இருக்கிறது என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. நக்க எட்டாத காதுக்குள்ளும் கழுத்திலும் ஈ முட்டையிட்டால் நாக்கு என்ன செய்யும்? எட்டுகிற இடத்தில் ஓயாமல் நக்கினால் புண் பெரிதாகும், போட்ட தையல் பிரியும். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து மருத்துவமனைகளுக்கெல்லாம் கட்டுத்துணி போகிறது. அந்தத் துணியில் ஒரு முழம் பக்கத்து ஊர் நாயின் காலுக்கு எட்டவில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். ஏழைக்கு நாய் வைத்தியம் கட்டுபடியாகுமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை. தோப்புக் காவலுக்குக் கூலி வாங்குகிறவர் தன் மூட்டு வலிக்கே டாக்டரிடம் போகாதபோது நாய்க்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வது அபத்தம். இந்தப் பேச்சை அதிகம் பேசுகிறவர் அவர் அல்லர் என்பதையும் பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழ் கேட்பதுபோல் குட்டியின் தாய் தகப்பன் விவரம் கேட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, காரின் முன்சீட்டில் உட்கார வைத்துப் படம் எடுத்தவர்கள்தான் ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் என்றதும் "நாட்டு நாய்தானே" என்கிறார்கள். காசில்லாதவருக்கும் வழி அறவே இல்லாமல் இல்லை. அரசு கால்நடை மருந்தகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாட்டாஸ்பத்திரி என்று பெயர் வைத்ததே நாம்தான், நாய்க்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது. கடினமான நோய்க்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தினமும் காதையும் விரலிடுக்கையும் பார்த்து உண்ணி எடுப்பதற்கும், எடை குறைகிறதா என்று விலாவைத் தடவிப் பார்ப்பதற்கும், தண்ணீர் வைப்பதற்கும், நிழலில் கட்டுவதற்கும் காசு ஆகாது. பெட்டையின் முலைகளை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் பட்டாணி அளவில் கட்டியைக் கண்டுபிடிக்கலாம். தேங்காய் அளவானபின் கொண்டுபோனால் வெட்டும் பெரிது, செலவும் பெரிது. கட்டி என்றாலே சாவு என்பதும் தப்பு. இணை சேரும்போது பரவுகிற, குறியில் பூக்கோசுபோல் வளர்ந்து ரத்தம் கசிகிற கட்டி ஒன்று நம் ஊர் நாய்களிடம் சகஜம். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்களில் அது முழுக்கக் கரைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் தாண்டி, தீராத நோய் என்று ஒன்று வரத்தான் செய்யும். அப்போது நாம் எடுத்துவிடும் கடைசிச் சமாதானம் மிக அழகானது: "நாய் மானமுள்ளது. சாவு நெருங்கினா வீட்டுல கெடக்காது, தானாப் போயிரும்." நோவும் பயமும் உள்ள விலங்கு இருட்டான மூலை தேடி ஒதுங்கும், மறதியில் வழி தப்பும், கண் தெரியாமல் ஓடையில் விழும். அதைப் பெருந்தன்மையான துறவாக்கிக் காட்டுவதால் தேடிப் போகும் வேலை நமக்கு மிச்சம். இன்னும் சிலர் நாயே போகட்டும் என்று காத்திருப்பதில்லை. வண்டியில் ஏற்றி மலையடிவாரத்தில், அணைப்பக்கம், அடுத்த ஊர்ச் சந்தையில் இறக்கிவிடுகிறார்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஒரு பிரியாணிக்குக்கூடக் காணாது.

தீராத வேதனையில் இருக்கும் நாயை டாக்டர் கையால் ஊசி போட்டு உறங்கவைப்பதைச் சொன்னால் மட்டும் "ஐயோ, பாவம்" என்று காதைப் பொத்துகிறார்கள். பத்து நாள் சோறு தண்ணீர் இல்லாமல் ஈ மொய்க்கக் கிடந்து சாவதில் பாவம் இல்லையாம், ஒரு நிமிட ஊசியில் பாவமாம். ஊசி போட்டே ஆக வேண்டும் என்று யாரையும் நான் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்றால் வலி மருந்து கொடு, புண்ணைக் கழுவு, புரட்டிப் படுக்க வை, கடைசிவரை கூட இரு. இரண்டும் செய்யாமல் புண்ணியக் கணக்குப் பேசுகிறவருடைய பக்தியை நாய் ஒன்றும் கேட்கவில்லை.

நாயின் இளமையை மட்டும் போற்றும் இந்த மனப்பான்மை நேற்று முளைத்ததல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனோடு, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய சமூகம் நாம், பெருமைதான். ஆனால் பாய்ந்து கடித்த நாயைத்தான் அப்போதும் போற்றினோம், இப்போதும் போற்றுகிறோம். பாயும் வயது கடந்து, பல் உதிர்ந்து பன்னிரண்டு வயதுவரை இருந்துவிடுகிற நாய்க்கு நம் வீரப் பேச்சில் இடமே இல்லை. அது உயிரோடிருப்பதையே ஏதோ இழுக்கு மாதிரி பார்க்கிறோம்.

இனத்தின் மேல் பிரியம் என்று மார்தட்டுகிறவர்களிடம் கடைசியாக ஒரு கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வளர்ப்பில் பிறந்த நாய்கள் எத்தனை வயதில், எதனால் செத்தன? எந்தத் தாயின் வழியில் செவிடு வருகிறது, எந்தக் கடுவனின் குட்டிகளுக்கு எட்டு வயதில் கட்டி வருகிறது, எந்தக் கால்வழி பதின்மூன்று வயதிலும் தெம்பாக நடக்கிறது? பதில் இருக்காது. எல்லாவற்றுக்கும் வயசு என்று ஒரே பதிலை எழுதிவைத்தால் பதிவேட்டில் வேறு என்ன இருக்கும்? இரண்டு வயதில் மேடையேறிக் கோப்பை வாங்கும் நாயைத்தான் இணை சேர்க்கிறார்கள். அது பத்து வயதில் எப்படி இருக்கும் என்று தெரியாமலே அதன் ரத்தம் ஊரெல்லாம் பரவிவிடுகிறது. சிறிய எண்ணிக்கையில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்துக் காப்பாற்றப்படும் இனத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. கிழட்டு நாயை டாக்டரிடம் கொண்டுபோய் நோயின் பெயரைக் கேட்டு எழுதிவைப்பது அந்த நாய்க்குச் செய்யும் கருணை மட்டுமில்லை. இன்னும் பிறக்காத குட்டிகளுக்கும் அதுதான் காப்பு.

ஆகவே குட்டி விற்பவர்கள் "சீக்கு வராது" என்று சொல்லி விற்பதை நிறுத்தட்டும். அதற்குப் பதில் தாயின் வயது, அதற்கு வந்த நோய்கள், காதுப் பரிசோதனை, போட்ட ஊசிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். வாங்குபவர்கள் அந்தத் தாளைக் கேட்காமல் பணத்தை நீட்ட வேண்டாம். ஏழு வயதைத் தாண்டிய நாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தமும் மூத்திரமும் பார்க்கக் கொண்டுபோகட்டும். இவ்வளவுக்கும் மனமில்லாதவர், தோப்புக்குக் கம்பிவேலி போட்டுக்கொள்ளலாம். வேலிக்கு வயதானால் "அம்புட்டுத்தான்" என்று சொல்வதில் யாருக்கும் வருத்தமில்லை.